புரியாமல் தட்டிய கை

பொய் சொல்ல வாய் வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கையாலும் பொய் சொல்லலாம். நானே சொல்லியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு சென்னை எழும்பூரில், மியூசியம் தியேட்டரில், ஒரு புது நாடகம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து நானும் பலமாகக் கை தட்டினேன். நாடகம் எனக்குப் புரியவில்லை. பிடித்ததா என்று கேட்டால், அதுவும் தெரியாது. ஆனாலும் தட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தட்டவில்லை. எங்கள் இருவரில் யார் செய்தது சரி என்ற கேள்வி அன்றிரவு பஸ்ஸிலே கிளம்பிற்று. இன்னும் அது என்னை விட்டுப் போகவில்லை.

பக்கத்தில் இருந்தவரை நான் 'மாமா' என்று கூப்பிடுவது வழக்கம். உறவு ஒன்றும் கிடையாது. என் தகப்பனாரின் சிநேகிதர். எங்கள் ஊரான படவேட்டில் தறி நெய்கிறவர். வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் சந்தவாசலில் இறங்கி மேற்கே திரும்பினால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வருவது படவேடு. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்தது என்று சரித்திரம் சொல்லும். இன்று அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரேணுகாம்பாள் ஊர். வியாபாரிகளுக்கு வாழைத்தார் ஊர். ஆரணிக் கடைகளுக்குப் பட்டு நெய்து கொடுக்கும் வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் ஐம்பது வருஷமாகக் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறவர் மாமா.

அவர் எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் கண்புரை எடுத்துக்கொண்டு மறுபரிசோதனைக்காக வந்திருந்தார். துணைக்கு நான் வந்திருந்தேன். பரிசோதனை மத்தியானமே முடிந்துவிட்டது. இரவு பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் புது நாடகம் போடுவதாகச் சொல்லி, வரவேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். "கூத்து மாதிரியா?" என்று மாமா கேட்டார். "ஏறக்குறைய" என்று சொன்னேன். அன்றைய தினத்தின் முதல் பொய் அதுதான்.

மியூசியம் தியேட்டர் 1896-இல் கட்டப்பட்டது. மைசூர் அரண்மனைக்கு வரைபடம் போட்ட ஹென்றி இர்வின்தான் இதற்கும் வரைபடம் போட்டவர். அரைவட்டமாக, படிப்படியாக உயர்ந்து போகும் இருக்கைகள். மேலே உட்கார்ந்தால் மேடையைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். 1955-இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் முதல், நேற்று ஒன்றுசேர்ந்து நாளை பிரிந்துவிடப் போகிற வாலிபர்கள் வரையில், எத்தனையோ பேர் புதிய நாடகங்களை இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சபாக்களின் சிரிப்பு நாடகங்களில் அலுப்புத் தட்டியவர்கள், புதுசாக ஏதாவது இருக்கும் என்று இங்கே வருவார்கள்.

"குழித்தறி மாதிரியே இருக்குது தம்பி. வேலை செய்யறவன் பள்ளத்திலே, வேடிக்கை பார்க்கறவன் மேட்டிலே" என்றார் மாமா.

நாடகத்தில் ஐந்து பேர். மேடையில் நீளமான ஒரு வெள்ளைத் துணியைத் தவிர வேறு சாமான் இல்லை. விற்கப்போகிற ஒரு வீட்டைப் பற்றி ஐந்து பேரும் பாதிப் பாதி வாக்கியங்களாகப் பேசினார்கள். யார் அண்ணன், யார் தங்கை, யார் வீட்டை வாங்க வந்தவன் என்று கண்டுபிடிப்பதற்குள் அண்ணன் தங்கையாகிவிட்டான். நடுநடுவே துணியை மடித்தார்கள், பிரித்தார்கள், மறுபடியும் மடித்தார்கள். நான் முகத்தை ஆழ்ந்த சிந்தனையில் இருப்பது போல வைத்துக்கொண்டேன். மாமா என் காதருகில் குனிந்து, "மூலைக்கு மூலை சேரவே இல்லை பார். துணி மடிக்கத் தெரியலியே இந்தப் பசங்களுக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போய்விட்டார்.

முடிவுக்குச் சற்று முன்பு ஒரு பெண் துணியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினாள். எங்கள் பக்கத்துக் கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ராஜ வேஷக்காரன் சுற்றுவானே, அதே சுற்று. காலின் ஓசையில் மாமா விழித்துக்கொண்டார். அவள் சட்டென்று நின்று, துணியை விரித்து, மெல்லத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கினாள். அதன் பிறகும் பத்து நிமிஷம் பேச்சு இருந்தது. விளக்குகள் எரிந்தன. நான் கை தட்டினேன்.

சென்னைப் பெண்ணுக்கு எங்கள் பக்கத்துச் சுற்று எப்படி வந்தது என்று வாசகர்கள் ஆச்சரியப்பட வேண்டாம். தஞ்சை ஜில்லாவில் புஞ்சை என்ற கிராமத்தில் பிறந்து, கதைகள் எழுதி, பிறகு நாடகத்துக்கு வந்தவர் ந. முத்துசாமி. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கிராமத்தில் பரம்பரையாகத் தெருக்கூத்து ஆடி வந்த கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு, தமிழனுக்கு நாடக அரங்கு இல்லை என்று யார் சொன்னது என்று அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 2018-இல் அவர் காலமானார். பட்டணத்து இளைஞர்கள் கூத்தின் அடவைப் பழகிக்கொள்வதும், அதைப் புது நாடகத்துக்குள் கொண்டு வருவதும் அவர் காலத்தில் பரவிய பழக்கம். நாங்கள் பார்த்தது அந்தப் பட்டறையின் நாடகம் அல்ல. அந்தப் பழக்கம் தொட்ட வேறு சில பிள்ளைகளின் முதல் முயற்சி.

வாசலில் அந்த இளைஞர் நின்றுகொண்டிருந்தார். கைக்காசைப் போட்டு, கடனும் வாங்கி நாடகம் நடத்தியவர். முகத்தில் பரீட்சை எழுதிய பிள்ளையின் களை. "எப்படி இருந்தது, சார்?" என்றார்.

"பிரமாதம். ரொம்ப ஆழமான படைப்பு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்புறம், மரியாதைக்காக, "ஐயாவுக்கு எப்படி இருந்ததோ?" என்று மாமாவையும் கேட்டார்.

மாமா சாவதானமாகப் பதில் சொன்னார்: "எனக்குக் கதை விளங்கலை தம்பி. நடுவிலே தூங்கிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு துணியைக் கீழே போட்டுது பார், அது கோடி போடற மாதிரி இருந்தது. எங்க அம்மா மேலே நான் போட்டது ஞாபகம் வந்துட்டுது. அங்கேயே முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேலே நீங்க பேசினதெல்லாம் எதுக்குன்னு தெரியலை."

மலர்ந்த முகம் வாடிற்று. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரையில் நான் பேசவில்லை. பிறகு பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "ஏன் மாமா, கடன் வாங்கி நாடகம் போட்ட பையன். நல்லா இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னா நமக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

என் வாதம் பலவீனமானது என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே சலுகை தந்திருக்கிறார். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று பெண்ணைப் பெற்றவரிடம் போய்ச் சொல்கிறவனை யாரும் சத்தியசந்தன் என்று கொண்டாடுவதில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிறவனின் மனம் பச்சைக் கொழுந்து; அதன்மேல் வெந்நீரை ஊற்றலாமா?

மாமா நேராகப் பதில் சொல்லவில்லை. தம்முடைய முப்பதாவது வயசில் நடந்த ஒன்றைச் சொன்னார்.

அப்போது கரைக்கு மாங்காயும் அன்னமும் நெய்து நெய்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. படவேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைத்தோட்டம். காற்றில் கிழிந்து, கீற்றுக் கீற்றாகத் தொங்கும் வாழையிலை அவர் கண்ணுக்கு அழகாகப் பட்டிருக்கிறது. அந்தக் கீற்றுகளையே முந்தானையில் கொண்டு வந்தால் என்ன? ஆரணியில் ஒருவரைப் பிடித்து, கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதச் செய்து, ஜக்கார்டு அட்டை அடிக்கச் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். இளம் பச்சை உடல், நரம்புக்கு ஜரிகை. மாதிரிக்கு ஒரு சேலை நெய்தார். முதலாளி விரித்துப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். தெருவிலே எல்லோரும் வந்து பார்த்து, "கையா இது!" என்றார்கள். அந்த உற்சாகத்தில் மூன்று சேலைக்குப் பாவு பிணைத்தார். நாலு சேலையும் கடைக்குப் போயின. போனவை அலமாரியை விட்டு அசையவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பாதி விலைக்குத் தள்ளினார்கள். நஷ்டத்தில் ஒரு பங்கு கூலியில் கழிந்தது. அட்டைக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

"ஏன் போகலைன்னு எனக்கு விளங்கவே இல்லை தம்பி. அதுக்கப்புறம் ஒரு நாள் உங்க மாமிதான் சொன்னா. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்க கிழிஞ்ச இலையை எடுப்பாங்களா, அபசகுனம் இல்லியான்னா. மாதிரிச் சேலையைப் பார்த்த அன்னிக்கே அவளுக்குத் தோணியிருக்குது. தெருவிலே பார்த்த அத்தனை பொம்பளைங்களுக்கும் தோணியிருக்குது. ஒருத்தியும் சொல்லலை. நான் ஆசையா நெஞ்சேன்னு, மனசு நோவக்கூடாதுன்னு சொல்லலையாம். அன்னிக்கே சொல்லியிருந்தா கிழிசலை எடுத்துட்டு நுனி இலையாப் போட்டிருப்பேன். நுனி இலை மங்களம்தானே?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. செய்யாறு வருவதற்குள் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

லண்டனில் ராயல் கோர்ட் என்று ஒரு நாடக அரங்கு உண்டு. புதிய நாடகங்களுக்கென்றே பேர் வாங்கியது. 1956-இல் ஜார்ஜ் டிவைன் என்பவர் அங்கே ஒரு குழுவை அமைத்து, இன்னும் பெயர் எடுக்காத ஆசிரியர்களின் நாடகங்களைத் தேடித் தேடிப் போட்டார். புதிதாக எழுதுகிறவனுக்குத் 'தோற்கும் உரிமை' வேண்டும் என்பது அந்த அரங்கின் கொள்கையாகச் சொல்லப்படும். அந்த வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி அங்கே அரங்கேறிய ஜான் ஆஸ்போர்னின் நாடகத்தைப் பத்திரிகைகளில் பல குறை கூறின. கென்னத் டைனன் என்ற விமரிசகரோ தமக்கு அது பிடித்துவிட்டதை ஒளிக்காமல் எழுதினார். ஆங்கில நாடகத்தின் போக்கே அந்த இரவிலிருந்து மாறியது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

தோற்கும் உரிமை என்ற அந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மாமாவின் சேலைக் கதையைக் கேட்ட பிறகு அதில் ஒரு கேள்வி தட்டுப்பட்டது. தோற்பதற்கும் பணம் வேண்டும் அல்லவா? லண்டன் அரங்கின் நஷ்டத்தைத் தாங்குவதற்கு ஒரு ஸ்தாபனம் இருந்தது. மாமாவின் நஷ்டத்தைத் தாங்கியது மாமாவின் கூலி. எழும்பூர் நாடகத்தின் நஷ்டத்தைத் தாங்கப்போவது அந்தப் பையன் வாங்கிய கடன். புதியதைச் செய்கிறவன் தன் செலவில் தோற்கிறான். பார்க்கிற நாம் அந்தச் செலவில் எவ்வளவு பங்கு கொள்கிறோம்? ஒரு டிக்கெட், ஒன்றரை மணி நேரம், கடைசியில் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையையும் செல்லாத காசாகக் கொடுத்தால் எப்படி? தோற்றவனுக்கு மிஞ்சுவது, எங்கே தோற்றோம் என்ற அறிவு ஒன்றுதான். இரக்கத்தால் கை தட்டுகிறவன் அதையும் அவனுக்கு இல்லாமல் செய்துவிடுகிறான்.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் நான் மறக்கவில்லை. உண்மை பேசுகிறேன் என்று கிளம்பி, புரியாததையெல்லாம் உதைத்துத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' அமெரிக்காவில் முதன்முதலில் 1956 ஜனவரியில், மயாமியில் நடந்தது. சிரிப்பு நாடகம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். சிரிக்க வந்த கனவான்களில் பெரும் பகுதியினர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். மறு வருஷம் நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நடிகர்கள் அதே நாடகத்தைச் சான் க்வென்டின் சிறைச்சாலையில் 1,400 கைதிகள் முன்னால் நடித்தார்கள். அந்தக் கைதிகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மயாமியில் எழுந்து போனவர்கள் பொய் சொல்லவில்லை. அலுத்தது, போனார்கள். ஆனால் 'எனக்குப் புரியவில்லை' என்பதும், 'இதில் ஒன்றும் இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது என்னைப் பற்றிய செய்தி; அதை நான் நிச்சயமாகச் சொல்லலாம். பின்னது நாடகத்தைப் பற்றிய தீர்ப்பு. அதைச் சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை. 'ஆழமான படைப்பு' என்று நான் சொன்னதும் அப்படி ஒரு தீர்ப்புதான், கொஞ்சம் சர்க்கரை தடவியது. மாமா தீர்ப்பே சொல்லவில்லை. தூங்கினேன் என்றார், விழித்தேன் என்றார், எந்த இடத்தில் விழித்தேன் என்பதையும் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால், கூத்துப் பார்க்கிற எங்கள் ஊர் ஜனங்கள் எப்போதுமே இப்படித்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து நடக்கும். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆட்டம் தொய்ந்தால் தூங்கிப்போவார்கள். கட்டியக்காரன் சரியாக ஒரு போடு போட்டால் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். தூங்குகிறவனை ஆடுகிறவன் கோபித்துக்கொள்வதில்லை. எத்தனை தலை எழும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தே தன் ஆட்டம் எங்கே நிற்கிறது என்று அவன் தெரிந்துகொள்வான். நாமோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விழித்த கண்ணோடு தூங்கப் பழகிவிட்டோம். கடைசியில் எழுந்து நின்று தட்டுகிறோம். மேடையில் நிற்கிறவன் எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வான்?

ஆனால் மாமாவைத் தராசாக வைத்து என்னை நிறுத்து முடித்துவிடலாம் என்றால், அதுவும் சரிப்படவில்லை. அவர் சொன்னது உண்மை, சொன்ன இடம் வாசல், சுற்றிலும் ஆட்கள். மறுநாள் ஊரில் இதைச் சொன்னபோது அவரே, "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். மாமி என்கிட்டே சொன்னது அடுப்பங்கரையிலே" என்று ஒப்புக்கொண்டார். உண்மைக்கு வார்த்தை எவ்வளவு முக்கியமோ, நேரமும் இடமும் அவ்வளவு முக்கியம். அந்த நாசூக்கைக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாகத்தான் நம்மில் பலர் பொய்யைக் கற்றுக்கொண்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

என் கைதட்டலில் இரக்கம் மட்டும் இருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன் நான். நாலு நாவல் எழுதிய பிறகும், பட்டணத்துச் சபைகளில், புரியவில்லை என்று சொன்னால் படிப்பு இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. என் கையைத் தட்டவைத்ததில் அந்தப் பயத்துக்கும் பாதிப் பங்கு உண்டு. பையன் மேல் காட்டிய கருணை என்று நான் எண்ணியது, என்மேலேயே நான் காட்டிக்கொண்ட கருணை. குற்றமற்ற நன்மைக்குத்தான் வள்ளுவர் சலுகை தந்தார்; என் கணக்கில் அது செல்லாது. மாமாவுக்கு அந்தப் பயம் இல்லை. அந்தச் சபையில் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு பேரும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர் டெலிபோன் செய்தார். நான் கொஞ்சம் சங்கடத்தோடுதான் பேசினேன். அடுத்த நாடகம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒத்திகை பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டும் என்றார். நான் டைரியை எடுத்து, எந்தத் தேதி தோதுப்படும் என்று புரட்டிக்கொண்டே, "அதற்கென்ன, வருகிறேன்" என்றேன்.

"அவசியம் வாருங்கள், சார்" என்றார் அவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களோடு அன்றைக்கு வந்தாரே, அந்தப் பெரியவர். அவரை அழைத்து வர முடியுமா?" என்று கேட்டார்.